முப்பத்தொன்பது பட்டறைகள்

ஆக்ஸிஜன் ஆலையின் டெஸ்பாட்ச் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த தொம்மைக்கு ஆறாம் வகுப்புவரைதான் படிப்பு. எந்த சிலிண்டர் எந்த வண்டியில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எழுதிவிடுவது அவர் வேலை. யாரையும் நம்புகிற பழக்கம் கிடையாது. அது இல்லாமலே காலம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆலையின் கம்ப்யூட்டர் சிஸ்டமும் அவரும் ஒரே வருஷத்தில் வேலைக்கு வந்தவர்கள். இப்போது அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொன்று வருகிறது. ஆலையில் எல்லோரும் பழசு, புதுசு என்றுதான் சொல்வார்கள். பழசில் இருக்கும் விவரத்தையெல்லாம் புதுசுக்கு மாற்றிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து மிருதுளா என்று ஒரு அம்மா வந்து இரண்டு மாதமாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவாள். அதனாலேயே தொம்மைக்கு அவள் மேல் கூடுதல் சந்தேகம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு பட்டியலோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அறுநூத்துப் பதினொரு வாடிக்கையாளருங்கண்ணா. மத்த எல்லாம் சரியா வந்துருச்சு. இந்த முப்பத்தொன்பது வெல்டிங் பட்டறை மட்டும் இடிக்குது. இவங்க ஞாயித்துக்கிழமை லீவே விடறதில்லீங்களா?"

"உழைப்பாளிக."

"தீபாவளியன்னைக்கும் சிலிண்டர் போயிருக்கே?"

"கிறிஸ்தவங்க பட்டறை."

"கிறிஸ்துமஸுக்கும் போயிருக்குங்க."

"அது இந்துக்க பட்டறை."

"ரெண்டும் ஒரே பட்டறைங்கண்ணா."

தொம்மை டீயைக் குடித்தார். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிவரைக்கும் ஒரு வரியை மாத்தறது எனக்கு ஒரு நிமிஷ வேலை. பன்னெண்டுக்கு மேல நானும் கை வைக்க முடியாது, முதலாளியும் முடியாது, மந்திரியும் முடியாது."

"அப்படி என்ன மெசினு அது?"

"தண்ணி, மருந்து, ஆக்ஸிஜன் மூணுக்கும் இப்ப அதான் சட்டமுங்க. தட்டுப்பாட்டுல ஆளாளுக்குக் கணக்கைத் திருத்தி, வேண்டியவங்களுக்குக் குடுத்தாங்க. வேண்டாதவங்க செத்தாங்க. அதனால ஏறின விவரத்தை மனுஷன் தொடவே கூடாதுன்னு வச்சுட்டாங்க. மனுஷன் வாயால சொல்றதைப் புதுசு கேக்காது. வாடிக்கையாளர் எப்படி நடந்துக்கறாங்கன்னு மட்டும்தான் பார்க்கும். பார்த்து, அதுவாப் புரிஞ்சுக்கிட்டா அதுவா மாத்தும்."

"பேச்சைக் கேக்காதது. நம்ம ஆபீசர்மாரு மாதிரிதான்."

"அண்ணா, நெசமாச் சொல்றேன். உங்க மேல ஒண்ணும் வராது."

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உங்க மேல ஒண்ணும் வராது என்று அந்த ஆலையில் மூன்று தடவை சொல்லக் கேட்டிருக்கிறார் தொம்மை. மூன்று தடவையும் ஒருவன் உள்ளதைச் சொன்னான். மூன்று தடவையும் சொன்னவன் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டைத் தாண்டிப் போனான்.

விஷயம் இதுதான். பழசில் வாடிக்கையாளர் என்றால் இரண்டே வகை. ஆஸ்பத்திரி, பட்டறை. ஆஸ்பத்திரி என்று ஏற்றுவதற்குப் பதிவு எண் கேட்கும். பட்டறைக்கு ஒரு பெயரும் விலாசமும் போதும். வீடு என்று ஒரு வகையே கிடையாது. அதைச் செய்தவனுக்கு, வீட்டில் கிடக்கும் மனுஷனுக்கும் ஆக்ஸிஜன் வேண்டிவரும் என்று தோன்றவில்லை. ஆனால் வேண்டிவந்தது. கரித்தூசியிலும் உப்புத்தூசியிலும் வேலை பார்த்தவர்கள் நுரையீரல் காய்ந்துபோய், ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல், வீட்டுக் கட்டிலில் கிடந்தார்கள். முதல் ஆள் வந்து நின்றபோது தொம்மை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு 'பாக்கியம் ஃபேப்ரிகேஷன்' என்று ஏற்றினார். பாக்கியத்துக்கு எழுபது வயது. அப்புறம் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் கிரில் ஒர்க்ஸ் ஆனார். ஒரு பாதிரியார் லேத் பட்டறை ஆனார். இப்படி முப்பத்தொன்பது. ஏட்டில் பட்டறை என்று இருக்கும், ஆனால் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளைக் கழுத்து சிலிண்டராகப் பார்த்துத் தொம்மை ஏற்றிவிடுவார். எது வீடு, எது பட்டறை என்பது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தலை இருக்கும்வரை கவலையில்லை என்றுதான் அவர் நினைத்தார். எத்தனை மெசின் வந்தாலும் சிலிண்டரை உருட்டிவிட ஒரு கை வேண்டுமே, அந்தக் கை தன்னுடையதாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

"எல்லாம் பட்டறைதான்" என்றார். பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மணி பதினொன்றரை.

*

ஞாயிற்றுக்கிழமை பழசை அணைத்தார்கள். திங்கட்கிழமை தொம்மை வந்து பார்த்தால் உருட்டிவிடுவதற்குக் கை தேவைப்படவில்லை. சிலிண்டர்கள் ஓடும் பட்டையில் நகர்ந்து தாமாகவே வண்டி ஏறின. வண்டிகளில் டிரைவர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் மூக்கிலும் விரல் கனத்தில் ஒரு மீட்டர். எவ்வளவு காற்று, எந்த நேரம், எந்த வேகத்தில் போகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்குமாம். பட்டறைகளோடு அந்த முப்பத்தொன்பது வீட்டுக்கும் கறுப்பு சிலிண்டர் போனது. ஒரே டாங்கியில் பிடித்த காற்றுதான், போகட்டும் என்று தொம்மை பேசாமல் இருந்தார்.

வைகாசியில் வெயில் ஏறியது. கரண்டைப் பாதியாக வெட்டினார்கள். ஆலையும் பாதிதான் ஓடியது. புதுசு ஒரு நொடி யோசித்திருக்கும். ஆஸ்பத்திரிகளுக்கு முழு அளவு, பட்டறைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அறிவித்தது. அதில் தப்பே இல்லை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் மத்தியானம் தொம்மை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார். ஏட்டில் அது 'ஆவுடை வெல்டிங் ஒர்க்ஸ்'. முப்பத்தொன்பதில் மோசமான நுரையீரல் ஆவுடையப்பனுடையதுதான். துறைமுகத்துக் கரி யார்டில் பதினெட்டு வருஷம் மண்வெட்டி பிடித்த ஆள். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

"வாரும்வே... பெரிய ஆபீசரு. ரெண்டு நாளைக்கு ஒண்ணு வந்த சிலிண்டரு... ஆறு நாளைக்கு ஒண்ணுன்னு... சீட்டு வந்திருக்கு. நான் என்ன... மூணு மூச்சுக்கு ஒரு மூச்சு... விடணுமா?"

"பேசாதயும். பேசினா காத்து செலவாவும்."

"பேசாம இருந்து... யாருக்கு மிச்சம் பிடிக்க?"

அவர் மனைவி பேச்சித்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் படகு கட்டுகிற யார்டில் வெல்டராக இருந்தவள். முழங்கை முழுக்கப் பொறி பட்ட தழும்பு.

"அண்ணாச்சி, ஒளிக்காமச் சொல்லுங்க. எத்தனை நாளைக்கு இப்படி?"

"மழை வாரவரைக்கும்."

"அதுவரைக்கும் இவுக தாங்க மாட்டாக."

அது தொம்மைக்கும் தெரிந்ததுதான்.

நேராக மிருதுளாவிடம் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தொன்பது பெயரையும் வயதோடு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கேட்டனேங்கண்ணா."

"கேட்டீங்க. இப்பம் அதுக்கு என்ன? வேலையை விட்டு எடுங்க, ஜெயில்ல போடுங்க. அந்த ஒரு வரியை மாத்துங்க."

"முடியாதுங்க." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, என் பேருல மனுவே போட முடியாது. நீங்க எழுதிக் குடுத்தா அது மனுஷன் பேச்சு. டாக்டர் எழுதிக் குடுத்தாலும் ஏறின வரியை மாத்தாது. அந்த வீடுகள்ல காத்து எப்படிச் செலவாகுதோ அதுதான் சாட்சி."

"அப்படின்னா?"

"பட்டறைன்னா காத்து திடீர்னு ஏறும், இறங்கும், சாயங்காலம் நிக்கும். நோயாளின்னா ராவும் பகலும் ஒரே நூல் மாதிரி போகும். அந்த நூலை அறாம விடச் சொல்லுங்க. பார்த்துட்டே இருக்குமுங்க அது. ஒரு நாள் புரிஞ்சுக்கும்."

"எந்த ஒரு நாள்?"

"நாப்பது நாளோ, நாலு மாசமோ. எனக்குத் தெரியாதுங்க."

"பாத்துக்கிட்டே இருக்குமாம்! செத்தவனையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வேற வழி எனக்குத் தெரியலீங்கண்ணா" என்றாள்.

தொம்மைக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சாமான் செய்துகொடுக்கும் பட்டறைகளுக்கு மட்டும் பங்கு வெட்டு கிடையாது. செய்த வேலைக்கு ஏற்ற சிலிண்டரைப் புதுசே அனுப்பிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்த லாசர், தொம்மையின் தங்கை மாப்பிள்ளை. இரும்புக் கட்டில் ரிப்பேர் ஆர்டர் ஒன்று அவன் கையில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒன்றை வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது வீட்டுக்கு என்ன செய்ய? வெல்டிங் தெரிந்த கை ஒரு வீட்டில்தான் இருந்தது. ஆர்டர் அங்கே போனது. இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை என்று தொம்மை தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

மற்ற முப்பத்தெட்டு வீட்டுக்கும் சைக்கிளில் போய் மிருதுளா சொன்னதைச் சொன்னார். "சின்னதாத் திறங்க, நிறுத்தாதீக, ஒரே சீரா விடுங்க. அசையாமக் கெடங்க." கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லாததால்தான் அதைக் கொடுத்தார். அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் வேறு கதியில்லாமல் கேட்டார்கள்.

*

ஆவுடையப்பன் வீட்டு முற்றத்தில் ஒன்பதாம் நாள் கட்டில்கள் வந்து இறங்கின. கரண்ட் இல்லாததால் கேஸ் வெல்டிங்தான். பேச்சித்தாய் பழைய கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு பிடித்தாலும் தீ அவள் சொன்னதைக் கேட்டது. நடுக்கதவில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, புகை உள்ளே போகாமல் மறித்தார்கள். போவது போய்க்கொண்டுதான் இருந்தது.

முதல் வாரம் முழு சிலிண்டர் நான்கு வந்தன. தீக்கு ஒன்றரை போதும். மிச்சம் ஆவுடையப்பனுக்கு.

தொம்மை அங்கேதான் ஒரு காரியம் செய்தார். ராத்திரியிலும் நூல் மாதிரிக் காற்று போனால் இது பட்டறை இல்லை என்று புதுசு கண்டுபிடித்துவிடும், ஆர்டர் போய்விடும் என்று பயந்தார். பெரிய சிலிண்டரிலிருந்து பகலிலேயே இரண்டு சின்ன பாட்டிலில் காற்றை இறக்கிக்கொள்ளச் செப்புக்குழாய் ஒன்று வளைத்துக் கொடுத்தார். சின்ன பாட்டிலில் மீட்டர் கிடையாது. ஆவுடையப்பன் அதிலிருந்து மூச்சு விடலாம். பெரிய சிலிண்டர் காலை எட்டு மணிக்குத் திறந்து, ஏறி, இறங்கி, சாயங்காலம் ஆறுக்கு மூடும். எந்த மெசின் பார்த்தாலும் பட்டறை.

"உமக்கு இந்தக் களவாணித்தனமெல்லாம் யாருவே சொல்லித் தந்தது?" என்றார் ஆவுடையப்பன். இப்போது நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல வந்தது.

"ஆபீசருமாருதான்."

"அந்தக் கோயம்புத்தூரு அம்மாகிட்ட சொன்னீரா?"

"எதுக்கு? அவ நல்லவதான். நல்லவகிட்ட சொன்னா நாலு பேருக்குத் தெரியும்."

பேச்சித்தாய் குழாயைப் பார்த்தாள். "அண்ணாச்சி, தீ பக்கத்துல இந்தக் காத்து ஒழுகினா வீடே போயிரும். தெரியும்லா?"

"குழாய்ப் பூட்டைச் சரியா முடுக்கு."

"அதெல்லாம் முடுக்குவேன். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

ஆனி, ஆடி, ஆவணி. முப்பத்தெட்டு வீட்டில் ஆறு பேர் போனார்கள். பாக்கியம் முதலில், பிறகு பாதிரியார். ஆறு சாவுக்கும் தொம்மை போய்வந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. தாசில்தார் மட்டும் சாகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கையைக்கூட அசைக்காமல், மூன்றில் ஒரு பங்குக் காற்றை நாளெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஆவுடையப்பன் கட்டிலை விட்டு இறங்கி, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வைதுகொண்டிருந்தார்.

தன் யோசனைதான் யோசனை என்று தொம்மைக்கு அப்போது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

*

ஐப்பசியில் மழை வந்தது, கரண்ட் வந்தது. மிருதுளா கோயம்புத்தூரிலிருந்து மறுபடி வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் டெஸ்பாட்ச் ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"புரிஞ்சுக்கிச்சுங்கண்ணா!"

"எது?"

"புதுசு. யாரும் சொல்லல, யாரும் கை வைக்கல. தானாவே ஒரு புது வகையைத் திறந்திருக்கு. வீடுன்னே பேரு வச்சிருக்கு. காத்தைக் குறைச்சாப் பட்டறை வேலையைக் குறைக்கும், இல்லை மூடிட்டுப் போயிரும். இவங்க ஒருத்தரும் மூடல. குடுத்த ஒரு பங்கையும் ராவும் பகலும் ஒரே சீரா இழுத்திருக்காங்க. ஆறு இடத்துல அந்த நூல் அறுந்துச்சு, அப்புறம் அந்த சிலிண்டரைத் திறக்கவே இல்லை. அதையும் கவனிச்சிருக்கு. இது இரும்பு இல்லை, உசுருன்னு அதுக்குப் பட்டுருக்கு. இனிமே தட்டுப்பாடு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு முந்தி வீட்டுக்குத்தான். முப்பத்திரண்டு வீடு."

தொம்மை பட்டியலை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக மெதுவாகக் கீழே இறங்கினார். மறுபடி மேலேயிருந்து வந்தார்.

"ஆவுடையைக் காணோமே."

"அதைத்தான் கேக்கலாம்னு வந்தேன்" என்றாள். "நீங்க சொன்ன முப்பத்தொன்பதுல அது ஒண்ணு மட்டும் பட்டறைன்னே நிக்குது. காலையில எட்டுக்குத் திறக்குது, ஆறுக்கு மூடுது. சந்தேகமே இல்லைன்னு சொல்லுதுங்க. ஜில்லாவுலயே நல்ல பட்டறைகள்ல ஒண்ணாம். ஒருவேளை உங்களுக்குத்தான் ஞாபகம் பிசகிருச்சோன்னு நினைச்சேன்."

தொம்மை சின்ன பாட்டிலைப் பற்றிச் சொன்னார். இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

மிருதுளா கொஞ்ச நேரம் மழைக்கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "இப்ப நிறுத்தி, பெரிய சிலிண்டருல இருந்தே மூச்சு விடச் சொன்னா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"சொல்லுங்க."

"கட்டில் வேலை நடக்கறவரைக்கும் நூல் தெரியாது. நின்னா ஆர்டர் போயிரும். ஆர்டருக்கு மாறின பட்டறைக்குப் பழைய பங்கு திரும்ப வராது, வேலை இருந்தாத்தான் சிலிண்டர். சிலிண்டர் வராதப்போ எதை வச்சு நூல் காட்டறது?"

"அப்பம்?"

"அவங்க வேலை செஞ்சுட்டே இருக்கணுமுங்கண்ணா."

ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றால் தொம்மை அவளை வைதிருப்பார். இப்போது வைவதற்கு ஆள் தேடினால் ஒருவர்தான் அகப்பட்டார். அந்த ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஆவுடையப்பன் தாழ்வாரத்தில், சின்ன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேச்சித்தாய் அந்த வாரத்து ஆறாவது கட்டிலின் காலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தொம்மை எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. தாசில்தார் பிழைத்துக்கொண்டதையும் சொன்னார்.

ஆவுடையப்பன் சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்தார்.

"அந்தாளு சும்மா கெடந்து ஜெயிச்சிட்டான். நாம உழைச்சுத் தோத்துட்டோம். என்னவே ஒம்ம மெசினு!"

"மெசினு சரியாத்தான் இருந்திருக்கு."

"இதை நீரு சொல்லுதீரு?"

"நான்தான் சொல்லுதேன்."

ஆவுடையப்பன் கேட்டார்: "ஒண்ணு சொல்லும். நான் போய்ச் சேந்துட்டா வண்டி நிக்குமா?"

தொம்மைக்குப் பொய் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "நிக்காது. இவ கட்டில் செய்யுதவரைக்கும் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். நீரு இருந்தது அதுக்குத் தெரியாது."

"தெரியாதா."

"தெரியாது."

பேச்சித்தாய் கையில் தீ தடதடத்துச் சிறுத்து அணைந்தது. பெரிய சிலிண்டர் தீர்ந்துவிட்டது, இன்னொரு சின்ன பாட்டிலும் காலி. நாலு மணிக்கு வண்டி வந்து முடிந்த கட்டிலைத்தான் எண்ணும், எண்ணிக்கைக்கு ஏற்றபடி புது சிலிண்டரை இறக்கும். மணி மூன்றேகால். ஐந்து கட்டில் நிமிர்ந்து நின்றன. ஆறாவதுக்கு ஒரு கால் பாக்கி.

"அஞ்சு போதும்" என்றாள் பேச்சித்தாய்.

"போதாது. ஒண்ணு குறைஞ்சா அடுத்த வாரம் ஒரு சிலிண்டரு குறையும்." ஆவுடையப்பன் மூக்கிலிருந்த குழாயைத் தாமே உருவினார். மடியிலிருந்த பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "இதை மாட்டுட்டி. முக்கால் மணி நேரம் நான் சும்மா கெடப்பேன். எனக்குச் சும்மா கெடக்கத் தெரியாதுன்னா நெனைக்க?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தொம்மையைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கி, பூட்டை முடுக்கி, கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

தீ பிடித்தது. கட்டில் ஆடியது. தொம்மை குடையைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.